கனகக்கா நினைவாக ஒரு கேபிள்

காலை நல்லா நீட்டிக்கிடுங்க அண்ணாச்சி. பட்டாலும் ஒண்ணும் ஆகாது, உறை தடிமன்தான். நான் முட்டுக்கு நடுவுல சேத்துப் பிடிச்சுக்கிடுதேன்.

வீணை இல்ல. கண்டக்டரும் அதைத்தான் கேட்டாரு. இது பேஸ் கிட்டாரு. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதுக்கு நாலே நாலு, ஆனா தடிக் கம்பி. பாட்டுக்கு அடியில கிடந்து தும்தும்னு போகும்லா, அதான் இது. வாசிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. நிறுத்தினா மட்டும் என்னமோ குறையுதேன்னு சுத்திமுத்திப் பாப்பாவ. எங்க கோயில்ல அப்படிச் சுத்திமுத்திப் பாக்கவும் ஆளு கிடையாது, அது வேற விசயம். கல்யாணம் ஆகுததுக்கு முந்தியிருந்து கொயர்ல வாசிக்கேன். இன்னைக்கும் கோயில்ல பாதிப்பேருக்கு நான் கையில வச்சிருக்கது என்னன்னே தெரியாது. கேட்டா, ஜோதிமுத்து கிட்டாரு வாசிக்கான்னு பொதுவா சொல்லிட்டுப் போயிருவாவ.

அந்தா முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல வெள்ளைச் சட்டை போட்டு, மடியில மஞ்சப்பை வச்சுக்கிட்டு இருக்காவ பாருங்க, அவிய எங்க அத்தான். தேவகடாட்சம்னு பேரு, மரக்கடை வச்சிருக்காவ. என் கூடப்பிறந்த கனகக்காவுக்கு மாப்பிள்ள. அக்கா போன ஈஸ்டருக்கு முந்தி தவறிட்டா. அத்தான் பக்கத்துல இடம் கிடக்கு, பாக்கியளா? அங்கன உக்காந்தா வாயத் தொறந்து எதையாச்சும் உளறிருவேன்னுதான் இங்கன பின்னால வந்துட்டேன். யாருகிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்குக் கோட்டி பிடிச்சிரும். நீங்க திருச்செந்தூர் வரைக்கும் போறிய, நான் பாதியில இறங்கிருவேன். நம்ம ரெண்டுபேரும் மறுபடி பாக்கப்போறதில்ல. அதனால சொல்லுதேன்.

அந்த மஞ்சப்பைக்குள்ள ஒரு கேபிள் இருக்கு. கிட்டார்ல இருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போற வயரு. அவ்வளவுதான். ஒரு வயரு மனுசன இந்தப் பாடு படுத்துமான்னு கேப்பிய. படுத்துதே, என்ன செய்ய?

கேபிள் வாங்கதுன்னா எனக்கு அரைநாள் ஆகும் அண்ணாச்சி. கடைக்காரன் எரிச்சப்படுவான், பட்டுட்டுப் போறான். முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். நடுவுல ஒரு கம்பி, அதச் சுத்திச் செம்பு வலை நெருக்கமாப் பின்னியிருக்கணும். அந்த வலைதான் டியூப்லைட் இரைச்சல், ஃபேன் இரைச்சல் ஒண்ணையும் உள்ள விடாது. வலை இளக்கமா இருந்தா வாங்கப்பிடாது. பிளக்க மறை கழத்திப் பாக்கணும். கழத்த முடியாம ரப்பரை ஊத்தி ஒட்டியிருந்தான்னா, அத அங்கனயே வச்சிரணும், ஏன்னா நாளைக்கு உள்ள அத்துட்டா பத்தவைக்க வழியில்ல. நீளம் தேவைக்கு மேல ஒரு முழம்கூட வேண்டாம். நீளம் கூடக்கூட சத்தத்துல உள்ள மினுக்கு போயிரும். பொறவு சுருட்டித் தரையில போட்டா அதுபாட்டுக்குப் படுக்கணும், முறுக்கிக்கிட்டு எந்திரிக்கப்பிடாது. இவ்வளவும் பாத்து வாங்கினா கம்பியில விரல் படுத சத்தம் மட்டும் வரும். சுத்தமா வரும். என் வாசிப்புல ஒரு சுத்தம் உண்டு அண்ணாச்சி, நானே சொல்லப்பிடாது.

அந்தச் சுத்தத்தைக் கேட்ட ஒரே ஆளு எங்க கனகக்காதான்.

பொம்பளைய பக்கத்துல முத வரிசை, தூணுக்கு இங்கிட்டு உக்காருவா. தூணுக்கு அங்கிட்டுதான் ஃபேன் காத்து நல்லா வரும். போவமாட்டா. 'அங்கன உக்காந்தா உன் வாசிப்பு எனக்குக் கேக்காதுல'ம்பா. தூணு சத்தத்த மறைக்குமாம். எனக்கே அது தெரியாது, பாத்துக்கிடுங்க. பாட்டு முடியுத வரைக்கும் என் விரல விட்டுக் கண்ண எடுக்கமாட்டா. அவ்வளவு கவனம். ஒரு தடவ ரெண்டாஞ் சரணத்துல வேர்வை கண்ணுக்குள்ள இறங்கிட்டு. கண்ணாடியக் கழத்தி வேட்டியில துடைச்சுக்கிட்டு நின்னேன். கீபோர்டுக்காரனுக்குத் தெரியல, டிரம்ஸ்காரனுக்குத் தெரியல. கோயில் விட்டு வெளிய வந்ததும் அக்கா கேக்கா, 'எல ஜோதி, ரெண்டாஞ் சரணத்துல நீ வாசிக்கலியே, ஏம்ல?' எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. எவ்வளவு காது இருக்கணும்!

கடைசி வருசம் சுகர் கூடி கண்ணு மங்கிப்போச்சு அவளுக்கு. அப்பவும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடச்சொல்லி அதே இடத்துல உக்காருவா. 'இப்பல்லாம் உன் சத்தம் குறைஞ்சிட்டுல'ன்னா. நான் ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறுன்னு வால்யூமைக் கூட்டினேன். பொறவும் சரியா கேக்கலன்னா. இன்னும் கூட்டினேன். சன்னல் கண்ணாடியெல்லாம் அதிருதுன்னு ஐயரு, எங்க பாதிரியார அப்படித்தான் கூப்பிடுவோம், அவரு வந்து சொன்னாரு. அவளுக்கு மட்டும் கேக்கல. அந்த ஆம்ப்ளிஃபயரையே வித்துத் தொலைச்சிட்டு வேற வாங்கினேன். சனியன் பிடிச்ச ஆம்ப்ளிஃபயரு.

அத்தான் கதை வேற. அவியளுக்கு சங்கீதம்னா மரம் அறுக்க மிசின் சத்தம்தான். ஆம்பளைய பக்கத்துல உக்காந்திருப்பாவ. வீட்டுக்குப் போற வழியில அக்கா, 'கேட்டியளா என் தம்பி வாசிச்சத?'ன்னா, 'உம்'பாவ. ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'எல, வருத்தப்படாத. நெசமாவே அதுல ஏதாச்சும் சத்தம் வருதா? உங்க அக்கா வாராவாரம் கேக்கா, நானும் உம்னு சொல்லிட்டு இருக்கேன்'னாவ. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அத்தானாப் போனாவ, வேற எவனாச்சும்னா அன்னைக்கே கைகலப்பு ஆயிருக்கும்.

அக்காவ அடக்கம் பண்ணிட்டு வந்த பொறவு அத்தான் பேச்சக் குறைச்சிட்டாவ. மரக்கடைக்குப் போவாவ, சும்மா மரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாவ. ஒருநாள் வந்து, 'அவ பேர்ல கோயிலுக்கு ஏதாச்சும் செய்யணும்ல'ன்னாவ. எங்க ஊர்ல அது வழக்கம். எங்க கோயில் ஃபேன்ல இறக்கைக்கு இறக்கை செத்தவங்க பேரு இருக்கும். கடிகாரத்துல ஒரு பெரியப்பா பேரு. அது ஓடியே நாளாச்சு, கழத்த முடியுமா? ஐயரு கையில வாங்கி ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை பண்ணின பொருளு. குடுத்த குடும்பம் முத வரிசையில உக்காந்திருக்கும். ஓடாட்டியும் அங்கனதான் தொங்கும்.

அத்தான் சொன்னாவ, 'அவளுக்குப் பிடிச்சது உன் வாசிப்புதான். உன் கிட்டாருக்கு என்ன வேணும்?' நான் என்ன சொல்லியிருக்கணும்? ஒண்ணும் வேண்டாம், பெஞ்சு செஞ்சு போடுங்கன்னு சொல்லியிருக்கணும். மரக்கடைக்காரவுக, நல்ல தேக்குல போட்டிருப்பாவ. நான் வாயவச்சுக்கிட்டு சும்மா இருக்காம, 'கேபிள் ஒண்ணு மாத்தணும் அத்தான்'ன்னுட்டேன். கூட வாரேன்னேன். 'வேண்டாம், இது நான் அவளுக்குச் செய்யுதது'ன்னு மதுரைக்குத் தனியாப் போனாவ.

மரக்கடைக்காரவுக புத்தி எப்படிப் போகும் அண்ணாச்சி? தடியானது எதுன்னு பாத்திருக்காவ. நீளமானது எதுன்னு பாத்திருக்காவ. கோயில் வாசல்ல இருந்து இழுத்தா முன்னால ஆல்டர் வரைக்கும் வரும் போல. கறுகறுன்னு, என் பெருவிரல் தடிமன். போதாக்குறைக்கு பரிசு ஷீல்டு பண்ணுத கடையில குடுத்துப் பித்தளத் தகட்டுல பேரு பொறிச்சு, சங்கிலி போட்டு அதுல தொங்கவிட்டிருக்காவ. 'எஸ்தர் கனகமணி அம்மாள் நினைவாக. அன்பளிப்பு: கணவர்.' ஐயரு அத ரெண்டு கையிலயும் ஏந்தி ஜெபம் பண்ணினாரு. சபையே ஆமென்னு சொல்லிச்சு. நானும் ஆமென்னு சொல்லிட்டுக் கண்ணத் தொறந்து பாக்கேன், கேபிள் மேல சின்ன எழுத்துல போட்டிருக்கு, ஸ்பீக்கர் கேபிள்னு.

உங்களுக்குப் புரியல, இல்லியா? ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போடுத வயரு அது. முனையில இருக்க பிளக்கு ரெண்டுக்கும் ஒண்ணுபோல இருக்கும். உள்ளதான் வித்தியாசம். அதுல வலை கிடையாது. ரெண்டு கம்பி சும்மா ஓடும். பெட்டிக்கு அது போதும், நல்லாவும் வேலை செய்யும். கிட்டாருக்குப் போட்டா ஊர்ல உள்ள இரைச்சல் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வரும். அந்த ஞாயித்துக்கிழமை சொருகினேன். 'ர்ர்ர்ம்ம்'முன்னுச்சு பாருங்க. மாவு மில்லு போல. பாட்டு ஓடும்போதும் ர்ர்ம்ம். பாட்டு நின்னபொறவும் ர்ர்ம்ம். அவமானத்துல எனக்குக் காது ரெண்டும் சுட்டுது.

ஆராதனை முடிஞ்சதும் கேபிளச் சுருட்டிக்கிட்டு இருக்கேன், அத்தான் மேடைக்கே ஏறி வந்துட்டாவ. வந்து என் கையப் பிடிச்சாவ. 'எல, கேட்டுச்சுல'ங்காவ. 'இன்னைக்குத்தாம்ல எனக்குக் கேட்டுச்சு. அவ இத்தனை வருசம் கேட்டத நான் இன்னைக்குக் கேட்டேன். உயிரோட இருக்கும்போது ஒருநாள்கூட உண்மையா ஆமான்னு சொல்லலியேல அவகிட்ட. உம் உம்னே சொல்லி ஏமாத்திட்டேனே'ன்னு ஒரே அழுகை. கொயர்ல உள்ள பிள்ளையளெல்லாம் பாக்கு. நான் என்னத்தச் சொல்ல? நீங்கன்னா என்ன சொல்லியிருப்பிய? சொல்லுங்க.

நான் பாதியில விட்ட கேபிளச் சுருட்டி முடிச்சுப் பைக்குள்ள வச்சேன்.

அதுக்குப் பொறவு அத்தான் ஆளே மாறிட்டாவ. ஞாயித்துக்கிழமை முத மணி அடிக்கவுமே குளிச்சு வெள்ளச்சட்டை போட்டு வந்து உக்காந்திருவாவ. எங்க? பொம்பளைய பக்கத்துக்கு நேரா, இந்தப்பக்கம் முத வரிசை. நான் பிளக்க சொருகினதும் ர்ர்ம்ம்னு வரும். கண்ண மூடிக்கிடுவாவ. ஜெபத்துக்குக்கூட அப்படி மூடமாட்டாவ.

ஆனா ஆல்வின் விடணும்லா? ஆல்வின்தான் இப்ப எங்க கொயர் மாஸ்டரு, எனக்கு மகன் முறை. சின்ன வயசு, ஆனா விசயம் தெரிஞ்சவன். ஆராதனையை லைவ்ல விடுதான். பஹ்ரைன்ல இருந்தும் பம்பாய்ல இருந்தும் எங்க ஊர்ப் பிள்ளையளெல்லாம் பாத்துட்டு, 'கோயில்ல ஜெனரேட்டரு ஓடுதா?'ன்னு எழுதுதாவளாம். 'சித்தப்பா, டிசம்பர்ல கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ் இருக்கு. கேபிளை மாத்துங்க. இல்லேன்னா அன்னைக்கு ஒருநாள் கீழ உக்காந்துக்கிடுங்க'ன்னுட்டான். ஒருநாள்னு சொல்லுதான். ஒருநாள் இறங்கினா மறுபடி ஏறவிடுவானா? எனக்கு அந்த இடத்த விட்டா வேற என்ன இருக்கு அண்ணாச்சி? ஆபீசுல கிளார்க்கு, வீட்டுல காய்கறி வாங்கப் போற ஆளு. அந்த மேடையிலதான் நான் ஜோதிமுத்து.

ஐயருகிட்டப் போனேன். 'குடுத்தவுக மனசு நோகக்கூடாது. இரைச்சலும் வரக்கூடாது. நீங்களே பாத்து ஞானமா செய்யுங்க'ன்னாரு. நல்லா இருக்கில்லா?

ஞானமாத்தான் செஞ்சேன். நல்ல கேபிள் ஒண்ணு, நான் சொன்னேம்லா, அந்த லட்சணம் எல்லாம் பாத்து எடுத்தேன். கறுப்புதான். பித்தளத் தகட்ட அந்தக் கேபிள்ல இருந்து கழத்தி இதுல மாட்டினேன். பழசை ஆல்வின் வாங்கிட்டுப் போய்ப் பெட்டிக்கு சொருகி, ஆணியடிச்சுச் சுவரோட சேத்துட்டான். அது அதோட வேலைக்குப் போயிட்டு. இப்ப ஒரு இரைச்சல் இல்லாம ஓடுது. போன ஞாயித்துக்கிழமை வாசிச்சேன் பாருங்க! எண்ணெய் விட்டது போல இறங்குச்சு ஒவ்வொரு சுரமும். ஆல்வின் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். வாழ்க்கையில முதத் தடவையா கீபோர்டுக்காரன், 'நல்லா இருந்துச்சு'ன்னான். நான் அத்தானைப் பாத்தேன்.

கைய காதுக்குப் பின்னால மடிச்சு வச்சுக்கிட்டு இருக்காவ. தலையை இந்தப்பக்கம் சாய்க்காவ, அந்தப்பக்கம் சாய்க்காவ. பாட்டு முடியுததுக்குள்ள முகமெல்லாம் விழுந்துபோச்சு. வெளிய வேப்பமரத்தடியில எனக்காக நிக்காவ. நான் பைய நழுவலாம்னு பாத்தேன், விடல. 'எல ஜோதி, இன்னைக்கு நீ வாசிக்கலியே, ஏம்ல?'

அக்கா கேட்ட அதே கேள்வி. அதே வார்த்தை.

'வாசிச்சேன் அத்தான்'னேன். 'அப்ப கேபிள் செத்துட்டு'ன்னாவ. தகட்டப் பிடிச்சு, தடவித் தடவிப் பாக்காவ. 'அவ பேர்ல போட்டது ஒரு வருசம்கூட நிக்கலியே, நான் வாங்கினது சரியில்லியோ'ன்னு. நான் வாங்கின அம்புட்டு நல்ல கேபிள் இப்ப எங்க இருக்கு தெரியுமா? செத்துப்போச்சுன்னு சுருட்டி, அக்கா படத்துக்குக் கீழ வச்சிருக்காவ.

இன்னைக்குக் காலையில வெள்ளச்சட்டையும் போட்டு வந்து நிக்காவ. 'வா, திருநெல்வேலிக்குப் போவோம். கிட்டாரையும் எடுத்துக்க. இந்தத் தடவ நான் கேட்டுப் பாத்துதான் வாங்குவேன்.'

கடையில ஸ்டூல்ல உக்காந்து கண்ண மூடிட்டாவ. கடைக்காரரு நல்ல மனுசன், ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தாரு. முதல்ல குடுத்தது அருமையான கேபிள். நான் வாசிச்சேன். அக்காவுக்குப் பிடிச்ச பாட்டையே வாசிச்சேன். அத்தான் கண்ணத் தொறக்காம, 'உம், வாசில'ன்னாவ. 'வாசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் அத்தான்.' 'வரலியே'ன்னாவ. அடுத்தது. வரலியே. அதுக்கடுத்தது. வரலியே. நானும் விடல. கடைக்காரரு கணக்கு எழுதுதத நிறுத்திட்டுக் கேட்டாரு, தெருவுல போன ஒருத்தன் நின்னு கேட்டான், அப்படி வாசிச்சேன் அண்ணாச்சி. பிறந்ததுல இருந்து அப்படி வாசிச்சதில்ல. இப்பவாச்சும் கேளுங்களேன், ஒரே ஒரு சுரம் கேளுங்களேன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே வாசிச்சேன். 'வரலியேல'ங்காவ.

பொறவு கண்ணத் தொறந்து, ஆணியில தொங்கினதக் காட்டி, 'அந்தத் தடியான வயரைக் குடுங்க'ன்னாவ. கடைக்காரரு, 'அது வேறய்யா'ன்னாரு. 'குடுங்கய்யா.' சொருகினாரு.

ர்ர்ர்ம்ம்.

நான் இன்னும் கம்பியில கையே வைக்கல அண்ணாச்சி. ரெண்டு கையும் சும்மா தொங்குது. அத்தான் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். 'இந்தா! இந்தா வந்துட்டு! இதாம்ல!'ன்னு கண்ண மூடிச் சிரிக்காவ.

கடைக்காரருக்குப் பொறுக்கல. 'ஐயா, அது வாசிப்பு இல்ல, இரைச்சல். பெட்டிக்குப் போடுத வயரு அது. அவரு இன்னும் தொடவே இல்ல பாருங்க'ன்னுட்டாரு.

அத்தான் கண்ணத் தொறந்து என் கையப் பாத்தாவ. பொறவு என் முகத்தப் பாத்தாவ. சிரிப்பு அப்படியே நிக்கு, போகவும் இல்ல, இருக்கவும் இல்ல. 'என்னல சொல்லுதாரு இவரு? அப்ப உங்க அக்கா கேட்டது?'

நான் என்ன செய்ய? நீங்க சொல்லுங்க. என் வாசிப்பு ஒருநாளும் உங்க காதுல விழப்போறதில்ல அத்தான்னு சொல்லவா? நீங்க கேட்டது மாவு மில்லுன்னு சொல்லவா?

'இதான் அத்தான். அக்கா கேட்டது இதான்'னேன். சொல்லிட்டுக் கைய எடுத்துக் கம்பி மேல வச்சு, சத்தம் வராம விரல ஆட்டினேன். சும்மா ஆட்டினேன். கடைக்காரரு என்னைப் பாத்த பார்வை இருக்கே. திருட்டுப்பயலப் பாக்கது போல. இத்தனை வருசமா நான் எடுத்த சுத்தம், என் வாசிப்பு, எல்லாத்தையும் அந்த இரைச்சலுக்கு எழுதிக் குடுத்துட்டேன், என் வாயாலயே.

'அதானே பாத்தேன், அவ சும்மா சொல்லுவாளா?'ன்னு அத்தான் மஞ்சப்பையில சுருட்டி வச்சுக்கிட்டாவ. வழியில ஷீல்டு கடையில இறங்கிப் புதுத் தகடும் சொல்லியாச்சு. கேரல் சர்வீசுக்கு முந்தி ஐயரு மறுபடியும் ஜெபம் பண்ணுவாரு. ஆல்வின் என்னைப் பாப்பான். நான் எங்க பாக்கதுன்னுதான் தெரியல. சொருகினா மேடைய விட்டு இறங்கணும். சொருகாட்டி அத்தான் அந்த வேப்பமரத்தடியில நிப்பாவ. ஒரு வழி சொல்லுங்கன்னு உங்ககிட்டக் கேக்கல, வழி இருந்தா எனக்கே தோணியிருக்கும்.

எங்க ஊர் ஆர்ச் வந்துட்டு, நான் இறங்கணும். கேட்டியளா, அத்தான் கூப்பிடுதாவ. 'எல, பாத்து இறங்கு, கேபிள் என்கிட்டப் பத்திரமா இருக்கு'ங்காவ. கிட்டாரு கிடக்கட்டும், கேபிள் பத்திரம்!

ஒண்ணு மட்டும் நினைச்சுக்கிட்டே வாரேன் அண்ணாச்சி. கடையில அந்நேரம் அக்கா இருந்திருந்தா அத்தானை நான் ஏமாத்தியிருக்க முடியாது. ஒரே பார்வையில சொல்லியிருப்பா, 'எல ஜோதி, நீ இன்னும் வாசிக்கவே இல்லியே'ன்னு. அப்படிப்பட்ட காது அவளுக்கு. வரட்டா?